குடிபூரலுக்கு ஒரு பெண்சாதி

வெள்ளிக்கிழமை தவறாமல் கஜந்தி அம்மன் கோவில் வாசலில் ஒரு தேங்காய் உடைப்பாள். மற்றவர்கள் நேர்த்திக்கு உடைப்பார்கள், நோய் மாற உடைப்பார்கள், பிள்ளை சோதனையில் பாஸ் பண்ண உடைப்பார்கள். கஜந்தி உடைப்பது ஞானசேகரத்தின் தலையை. அப்படித்தான் மனதில் நினைத்துக்கொண்டு ஓங்கி அடிப்பாள். கேட்டால் ஒளிக்கவும் மாட்டாள். பூக்கடைப் பெண் ஒருநாள், "என்ன நேர்த்தி அக்கா, கிழமைக்குக் கிழமை?" என்று கேட்டாள். "ஒருத்தர் நாசமாப் போகவேணும் பிள்ளை, வேறை ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறினால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். இரண்டே துண்டாகப் பிளந்து கிடந்தால் அன்றைய கறியில் உறைப்பு ஏறும்.

அந்த உறைப்பைத் தின்கிறவர்கள் திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்துப் போட்காரர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் கரையில் நின்று ஐஸ் ஏற்றுகிறவர்களுக்கும் அவள்தான் மத்தியானச் சோத்துப் பார்சல். வீட்டுக் குசினியில் சமைத்து, வாழையிலையில் கட்டி, கிண்ணியாப் பக்கத்து றுமைஸின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். நல்ல கை, பொல்லாத வாய் என்று துறைமுகத்தில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

இந்த ஞானசேகரம் யார்? அவளுடைய புருஷன், அதாவது லண்டன் நீதிமன்றம் பிரித்து விடுகிற வரைக்கும் புருஷன். லண்டன் மாப்பிள்ளை என்று ஊரே வாயைப் பிளந்த காலத்தில் வந்து தாலி கட்டினவர். கஜந்தியின் தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, மகளுக்கென்று பட்டினத்துக்குள் ஒரு கல்வீடு கட்டி வைத்திருந்தார். அதுதான் சீதனம். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, வீட்டை விற்க வைத்து, அந்தக் காசில் ஞானசேகரம் லண்டனில் முதல் கடையை எடுத்தார்.

கடைக்கு முதலாளி அவர். விடியப் பேப்பர் கட்டுப் பிரிப்பது, பால் பெட்டி தூக்குவது, குடிகாரனிடம் ஏச்சு வாங்குவது, இரவு கூட்டித் துடைப்பது எல்லாம் அவள். கல்லாவில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துப் போயிற்று. இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் இரவில் தைலம் தேய்க்காமல் படுக்க ஏலாது. ஒரு கடை மூன்றானது. பிள்ளை இல்லை. அதற்கும் அவளைத்தான் சொன்னார், அதுவும் ஆட்கள் கூடியிருக்கிற இடமாகப் பார்த்து.

பிறகு ஒருநாள் கடைகள் நட்டத்தில் போகின்றன என்றார். பிறகு கடன் என்றார். பிறகு எல்லாவற்றையும் விற்றுக் கடனுக்குக் கொடுத்துவிட்டேன், கையில் ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகுதான் விவாகரத்து. நீதிமன்றத்துக்கு வந்த அன்று முழங்கை தேய்ந்த பழைய கோட்டொன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கோட்டை அவள் இரண்டு தரம் குப்பையில் போட்டிருக்கிறாள். எதற்கு இரண்டு தரமும் பொறுக்கி எடுத்து வைத்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. "எனக்கென்று இந்த உலகத்தில் எதுவுமில்லை" என்று சத்தியம் பண்ணினார். நீதவான் அம்மா கோட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், நம்பினார். கஜந்திக்குக் கிடைத்தது ஊருக்கு வந்து ஒரு சின்ன வாடகை வீடு எடுக்கவும் பெரிய சட்டி பானை வாங்கவும் போதுமாக இருந்தது.

கல்லாவில் நின்றவளுக்குக் கடை உழைத்ததா இல்லையா என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் காசு எங்கே போனது என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. அந்த எரிச்சலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவள் வருஷக்கணக்காகச் சோறு கட்டினாள். மன்னித்து விடு, மனம் ஆறும் என்று புத்தி சொல்ல வந்தவர்களுக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது. ஆறவேண்டியது தன் மனமில்லை, எரியவேண்டியது அவருடைய வயிறு என்பது அவளுடைய கட்சி.

செய்தியைக் கொண்டுவந்தவன் றுமைஸ்.

"அக்கா, உங்கட பழைய ஆளை நிலாவெளியில கண்டன். கடக்கரையில மூண்டு தட்டு ஹோட்டல் ஒண்டு எழும்புது. மேசனப் பிடிச்சு ஏசிக்கிட்டு நிக்கிறாரு, குளிக்கிற ரூமில தண்ணி வழியிற வாட்டம் சரியில்லையாம்."

"ஆற்ற ஹோட்டலாம்?"

"வாசல் போர்ட்டில கஜீபன்டு கிடக்கு."

கஜீபன், ஞானசேகரத்தின் தமக்கை இராசமலரின் மகன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடையொன்றில் கவர் விற்கிறவன். அவனுக்குக் கடற்கரையில் மூன்று தட்டு! கஜந்தி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே போய்ச் சட்டத்தரணி கௌசிகாவின் வாசலில் நின்றாள்.

கௌசிகா வயதில் இளையவள். பேச்சில் பூச்சு வைக்காதவள்.

"ஊர் முழுக்கத் தெரியும் அன்ரி, அது அவற்றை காசெண்டு. ஆனா காணி உறுதி கஜீபன்ர பேரில. காசு எந்த வழியால வந்ததெண்டு தேடிப் பிடிக்கேலாத மாதிரி ஆக்களின்ர கையால கைமாறி வந்திருக்குது. சொத்தை ஒளிச்சவர் எண்டு காட்டினால் லண்டனில அந்தப் பழைய தீர்ப்பைத் திரும்பத் திறப்பிக்கலாம். உங்கட பாதி வரும். ஆனா காட்டவேணும். அவரே தன்ர வாயால 'இது என்ர' எண்டு சொன்னாத்தான் உண்டு."

"அந்த வாயால பொய்யைத் தவிர வேறை வந்ததை நான் கண்டதில்லை பிள்ளை" என்றாள் கஜந்தி. அந்தக் கிழமை தேங்காய் இரண்டாகவே பிளந்தது.

கட்டடம் முடிந்தது. புதுக் கட்டடத்துக்குள் குடிபுகுகிற குடிபூரலுக்கு நாள் வைத்தார்கள். அழைப்பு வராது என்று கஜந்திக்குத் தெரியும். வந்தால் காறித் துப்பலாம் என்றுகூட ஒரு ஆசை இருந்தது. வந்தது அழைப்பு இல்லை. வெற்றிலைத் தட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இராசமலரே வந்தாள். பிரிந்த நாளிலிருந்து தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கொடுத்த தேத்தண்ணியையும் தொடாமல், சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"கஜந்தி, ஒரு உதவி. நீ ஏலாதெண்டு சொல்லக்கூடாது."

"சொல்லுங்கோ மச்சாள்."

"ஐயர் சொல்லிப்போட்டார், சடங்குக்கு வீட்டுக்காரர் தம்பதியாத்தான் இருக்கவேணுமாம். தனி ஆம்பிளை கும்பம் தூக்கேலாதாம்."

"வீடு கஜீபன்ரதானே? அவனும் பெண்சாதியும் இருக்கலாமே!"

இராசமலரின் முகம் கறுத்தது. "நானும் அதைத்தான் சொன்னனான். என்ர பிள்ளையை இருத்தடா எண்டு கால்ல விழாத குறை. தம்பி கேட்டவனே? முதல் நிறைகுடத்தோட உள்ள போறவைக்குத்தான் அந்த வீடு நிலைக்குமாம். பேர் ஆற்றையாவது இருக்கட்டும், குடத்தை மற்றவன் தூக்க விடன் எண்டு நிக்கிறான். நீ வந்து ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருந்தாக் காணும்."

லண்டன் நீதவானிடம் கூசாமல் சத்தியம் பண்ணின மனிசனுக்கு ஐயருக்கு முன்னால் பொய் சொல்லப் பயம்! மருமகனின் பேரைச் சொன்னால் யோகம் அவனோடு போய்விடும்! கஜந்திக்கு உள்ளே வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"நாங்கள் பிரிஞ்ச ஆக்கள் எல்லோ மச்சாள்?"

"அது வெள்ளைக்காரன்ர பேப்பர். தாலி கட்டினது அம்மாளுக்கு முன்னால. அவன்தான் இப்பிடிச் சொல்லச் சொல்லிவிட்டவன்."

"அப்பிடியோ! வீடியோ கீடியோ இருக்கோ?"

"இல்லாமலோ?" இராசமலருக்கு இப்போதுதான் முகம் மலர்ந்தது. "வீடியோக்காரர் ரெண்டு பேர் வருகினம். லண்டனில இருக்கிறவையும் போனில பாப்பினம்."

கஜந்தி தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். "வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

போகிற நாளில் ஒரு சின்னப் பிரச்சினை இருந்தது. கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. அவளுடைய தாலிக்கொடி லண்டன் வக்கீலின் கூலியாகப் போய்க் கனகாலம். முதல்நாள் கடைத்தெருவுக்குப் போய் முலாம் பூசின கொடியொன்று வாங்கினாள். பொய்ப் பெண்சாதிக்குப் பொய்க் கொடி காணும் என்று றுமைஸிடம் சொல்லிச் சிரித்தாள். அவனுக்குத்தான் பயம் பிடித்தது. "அக்கா, அடிதடி ஒண்டும் வேணாம்" என்றான்.

அடிதடி ஒன்றும் நடக்கவில்லை. கஜந்தி கூறைச் சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, ஞானசேகரத்தின் பக்கத்தில் பலகையில் அடக்க ஒடுக்கமாக இருந்தாள். பட்டு வேட்டியும் பதக்கச் சங்கிலியுமாக அவர் சென்ட் மணக்க இருந்தார். எதிரே ஓமப் புகை. பின்னால் கஜீபன் வெள்ளித் தட்டம் பிடித்துக்கொண்டு நின்றான். ஐயரின் சட்டையில்லாத மார்பில் சின்ன மைக் தொங்கியது. சொல்லுகிற ஒவ்வொரு மந்திரமும் கடற்கரை வரைக்கும் கேட்டது.

"கிருகத்துக்கு உடையவர் பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

ஞானசேகரம் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"ஐயருக்குக் கேக்கேல்லை. சத்தமாச் சொல்லுங்கோ" என்றாள் கஜந்தி, பணிவான பெண்சாதியின் குரலில்.

"ஞானசேகரம். அவிட்டம்."

ஐயர் நல்ல மனிசன், கொஞ்சம் மறதிக்காரர். தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "போர்ட்டில கஜீபன் எண்டு கிடக்கே. ஆற்றை பேரில சங்கல்பம் செய்யிறது? பிழையாச் சொன்னால் பலன் பிழையான ஆளுக்கெல்லோ போகும்!"

ஞானசேகரத்துக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. ஓமத்துக்கு மேலால் குனிந்து, மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார்.

"என்ரதான் ஐயா! காணியும் என்ர, கட்டடமும் என்ர, ஒவ்வொரு கல்லும் என்ர காசு. பொடியன்ர பேர் சும்மா ஒரு பாதுகாப்புக்கு. நீங்கள் என்ர பேரையே சொல்லுங்கோ!"

கூட்டத்தில் சிரித்தார்கள். கஜீபனும் தலையை ஆட்டிச் சிரித்தான். அவருடைய பேரும் நட்சத்திரமும் மூன்று தரம் ஒலிபெருக்கியில் ஏறின. பிறகு கஜந்தி நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு அவரோடு உள்ளே போனாள், பால் காய்ச்சினாள், பொங்கி வழிய விட்டாள். பார்த்த பெண்களில் ஒருத்தி, அவள் இன்னும் அந்த மனிசனில் உயிரையே வைத்திருக்கிறாள் என்று கண்ணைத் துடைத்தாளாம். வெளியே வரும்போது ஞானசேகரம் மெல்லச் சொன்னார்: "எல்லாம் வடிவா நடந்தது. நீ அவ்வளவு கெட்டவள் இல்லை. சாப்பிட்டிட்டுப் போ."

"எனக்குப் பார்சல் கட்டக் கிடக்கு" என்றாள் அவள்.

வீடியோவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெருமைக்கு அவர்களே ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கௌசிகா அதைப் பார்த்து முடித்ததும் திரும்பவும் ஓட விட்டுப் பார்த்தாள். பிறகு, "அன்ரி, இவர் உண்மையிலேயே விசரனோ?" என்று கேட்டாள். படத்தை மொழிபெயர்ப்போடு லண்டன் வக்கீலுக்கு அனுப்பினார்கள். பழைய வழக்கு திறந்தது.

ஞானசேகரம் பயந்தார், ஆனால் ஆள் இன்னும் அடங்கவில்லை. அது சடங்குக்காகச் சொன்ன பேச்சு, சொத்து உண்மையில் மருமகனுடையது என்று பதில் போட்டார். அதற்குச் சாட்சியாகக் கஜீபனை லண்டனுக்கு ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வைத்தார். என்ன எழுதவேண்டும் என்று வரிக்கு வரி அவரே சொல்லிக் கொடுத்தார். முழுக்க முழுக்க என்னுடைய சொத்து, மாமாவுக்கு இதில் ஒரு சதமும் இல்லை என்று கஜீபன் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தான். அந்தச் சந்தோஷத்தை மாமா கவனிக்கவில்லை.

கவனித்தது அடுத்த மாதம். ஹோட்டலுக்குப் போனார், வாசலில் பூட்டு மாறியிருந்தது. கஜீபன் மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள், என்ரதெண்டு. இப்ப வந்து கேட்டா நான் பொய்ச்சத்தியம் பண்ணினதா வருமெல்லோ!" என்றான். இராசமலர் தம்பிக்கும் மகனுக்கும் நடுவில் நின்று அழுதாள். அழுது முடித்து மகனோடு போய் மேல்தட்டில் குடியிருந்தாள்.

கஜந்தி பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது கேற்றடியில் ஒருவர் நிற்பது தெரிந்தது. தேய்ந்த கோட்டு இல்லை, வெயிலுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் அதே முகம். இந்தத் தரம் நடிப்பில்லை.

"கஜந்தி, அந்த வீடியோ மட்டும் காணாதாம். இஞ்ச கஜீபனுக்கு வழக்குப் போட்டிருக்கிறன், நீ வந்து சொல்லவேணும், அது என்ரதெண்டு. நீதான் பக்கத்தில இருந்தனி. வேறை ஒருத்தரும் எனக்காக வாய் திறக்கினமில்லை."

அவள் எழுந்து போகவுமில்லை, உள்ளே வா என்று சொல்லவுமில்லை. ஒரு பார்சலைக் கட்டி நூலைக் கடித்து அறுத்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரம் அவளுக்குக் கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போகத்தான் ஆசை. ஒன்றுமில்லை என்று பொய்ச்சத்தியம் பண்ணினவருக்கு இப்போது உண்மையாகவே ஒன்றுமில்லை. இதைவிட இனிப்பு உலகத்தில் உண்டா? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆள் தெருவில். ஆனால் அவளுடைய பாதியும் அதோடு கஜீபனிடம் போகும். அப்பாவின் கல்வீடு போகும், அவளுடைய கால் நரம்பு போகும். அந்த நினைப்பு வந்ததும் இனிப்பு கசந்தது.

"நான் வாறன்" என்றாள். "முதல் நீங்கள் லண்டனுக்குச் சொல்லுங்கோ, பொய் சொன்னனான் எண்டு."

"சொன்னா என்னை உள்ள போடுவாங்கள்!"

"சொல்லாட்டி வெளியில கிடவுங்கோ."

"உனக்கு இரக்கமே இல்லையோ?"

"இருந்தது. உங்கட மூண்டாவது கடையில கல்லாவுக்குக் கீழ வைச்சனான். கடையோட வித்துப்போட்டியள்."

ஞானசேகரம் வெயிலில் நின்றார். றுமைஸ் ஓட்டோவைக் கொண்டுவந்து, பார்சல்களை ஏற்றி முடித்து, புறப்படுகிற வரைக்கும் நின்றார். பிறகு, "எப்ப சொல்லவேணும்?" என்று கேட்டார்.

கௌசிகாவின் சட்டக் கந்தோரில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். திரையில் லண்டன் நீதவான் அம்மாவும், பக்கத்துப் பெட்டியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும். ஆங்கிலத்தில் ஞானசேகரத்துக்குக் கடை நடத்தத் தெரியும், அழத் தெரியாது, தமிழில்தான் சொன்னார். கஜந்தி திரைக்கு நேரே, அவர் நிமிர்ந்தால் தன்னைப் பார்க்கிற மாதிரியாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். சொத்து யாருடையது என்று கேட்டார்கள். முணுமுணுத்தார். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். திரும்பச் சொன்னார். முதல் தரம் சத்தியம் பண்ணியபோது பொய் சொன்னீர்களா என்று கேட்டார்கள். "ஓம்" என்றார். மனைவி அந்தக் கடைகளில் வேலை செய்தாரா என்று கேட்டார்கள். "அவள்தான் நடத்தினவள்" என்றார். கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. கஜந்தி அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

சிறை என்று தீர்ப்பு வந்தது. வயதைப் பார்த்து ஒத்திவைத்த சிறை. சொத்தில் பெரும் பங்கு கஜந்திக்கு, வழக்குச் செலவும் அவருடைய தலையில். அதையெல்லாம் கூட்டிக் கழித்தால் அவருக்கென்று மிஞ்சியது ஹோட்டலின் ஒரு குளிக்கிற அறை அளவும் இல்லை. திருகோணமலை வழக்கில் கஜீபன் அதிகம் நின்று பிடிக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் என் காசு என்று மாமா சொல்ல, பின்னால் தட்டத்தோடு நின்று தலையாட்டிச் சிரித்தவன் தான்தான் என்று படத்தில் கண்டதும், அவனுடைய சட்டத்தரணியே விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டார். உறுதி கஜந்தியின் பேருக்கு மாறியது. ஞானசேகரம் பட்டினத்தில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு இருக்கிறார்.

கஜந்தி வெள்ளிக்கிழமைத் தேங்காயை நிறுத்தவில்லை. கை பழகிவிட்டது.

ஹோட்டலைத் திறக்கிறதற்கு ஒரு கிழமைக்கு முன் இராசமலர் வந்தாள். இந்தத் தரம் தட்டம் இல்லை, வெறுங்கை.

"கஜீபனுக்கு அங்க ஒரு வேலை போட்டுக் குடு கஜந்தி. அவனுக்கு இப்ப ஒண்டுமில்லை."

"குடுக்கிறன். தட்டம் பிடிக்கத் தெரிஞ்ச பொடியன்." கஜந்தி எழுந்து உள்ளே போய், வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு சீப்புப் பழம் எல்லாம் அடுக்கின தட்டமொன்றைக் கொண்டுவந்து இராசமலரின் மடியில் வைத்தாள். "முதல் எனக்கு ஒரு உதவி மச்சாள். நான் என்ர பேரில திரும்பக் குடிபூரல் வைக்கிறன். தனிப் பொம்பிளை கும்பம் தூக்கேலாதாம், ஐயர் சொல்லிப்போட்டார். இதைத் தம்பியாரிட்டைக் கொண்டுபோங்கோ."

இராசமலர் தட்டத்தை மடியில் இறுக்கிப் பிடித்தாள். "நாங்கள் பிரிஞ்ச ஆக்கள் எண்டு அவன் சொல்லுவானே!"

"அது வெள்ளைக்காரன்ர பேப்பர் எண்டு சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலம் வந்து பக்கத்தில இருந்தாக் காணும். நான் என்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லேக்க அவர் வாய் திறக்கத் தேவையில்லை."

இராசமலர் தட்டத்தோடு படியிறங்கினாள். கேற்றடிக்குப் போனவளைக் கஜந்தி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"வீடியோவும் இருக்கு எண்டு சொல்லுங்கோ மச்சாள். லண்டனில இருக்கிறவையும் பாப்பினம்."